சீச்சீ அக்காவின் நீச்சல்

அந்தக் குடியிருப்பில் அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவள் சீச்சீ அக்கா. படிக்கட்டின் கைப்பிடியைத் தொட நேர்ந்தால் ஒரு சீ. பொதுக் குழாயடியில் யாராவது வாய் கொப்பளித்தால் சீச்சீ. பேருந்தில் உட்காரப் போன இருக்கை வெதுவெதுப்பாக இருந்தால் அதற்கும் ஒன்று. யார் வைத்துவிட்டுப் போன சூடோ என்று வீடு வரை நின்றுகொண்டே வருவாள். யார் வீட்டுக்குப் போனாலும் தன் டம்ளரைத் தானே பையில் எடுத்துப் போகிற ரகம். "உன் அம்மா காத்தைக் கூடக் கழுவிட்டுத்தான் மூச்சு விடுவா போல" என்று மகளைக் கேலி செய்வார்கள். மகளும் சேர்ந்து சிரிப்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வேலை பார்த்தது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வந்து குவியும் மூட்டைகளைப் பிரிப்பது அவள் வேலை. ரத்தம் பட்டது ஒரு தொட்டி, மலமும் மூத்திரமும் பட்டது ஒரு தொட்டி, வெறும் வியர்வை ஒரு தொட்டி. மடிப்புக்குள் கட்டுத்துணி இருக்கும், ஊசி இருக்கும், சில நாள் பல்செட்டே இருக்கும். மனித உடம்பிலிருந்து என்னென்ன வெளியே வரும் என்று அவளிடம் பாடம் கேட்கலாம், ஆனால் சாப்பிடுவதற்கு முன்னால் கேட்கக் கூடாது. இவ்வளவு அருவருப்பு பிடித்தவள் அங்கே எப்படிக் காலம் தள்ளுகிறாய் என்று யாராவது கேட்டால், பட்டென்று பதில் வரும்: "அங்க கையுறை குடுக்கறாங்க. வெளியில யாரு குடுக்கறா?"

கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் சாலையில். வீட்டில் இவளும், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும்தான். மூன்றாம் மாடியில் வீடு. நேர் கீழே இரண்டாம் மாடியில் இருப்பவள் கோழிக்கடையில் கோழி உரிக்கிறவள். கணவனை இழந்தவள், இரண்டு பையன்கள். தினமும் விடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தொண்டையின் அடி வரை போய்க் காறி எடுத்து, ஒரு துப்புத் துப்புவாள். அந்தச் சத்தம் மேலே வரும்போது சீச்சீ அக்கா காப்பியைக் கீழே வைத்துவிடுவாள். பல வருஷமாக அவளுக்குக் காலைக் காப்பி ஆறித்தான் போயிற்று.

பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில். பாலத்தைச் சுற்றிப் போனால் பாதிக் காலை போய்விடும் என்று பிள்ளைகள் படகில் போவார்கள். போன மழைக்காலத்தில் அந்தப் படகு கரைக்கு மிகப் பக்கத்தில் கவிழ்ந்தது. மற்றவர்கள் எப்படியோ ஏறிவிட்டார்கள். முதல் மாடித் தையல்காரரின் மகன் ஏறவில்லை. அன்றைக்குச் சலவைக்கூடத்துக்கு வந்த மூட்டையில் ஒரு வெள்ளைத் துணி வண்டல் மண்ணோடு நனைந்து கிடந்தது. ரத்தமும் இல்லை, மலமும் இல்லை. எந்தத் தொட்டியில் போடுவது என்று அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் வீடு திரும்பி, தையல்காரர் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் அது யாரைச் சுற்றி வந்த துணி என்று புரிந்தது. மகள் மறுநாளும் அதே படகில்தான் போக வேண்டும். அன்றிலிருந்து, படகு போய்ச் சேர்ந்திருக்கும் என்று மனசுக்குப் படுகிற வரை சீச்சீ அக்காவுக்கு வேலை ஓடாது.

ஆகவே, கல்லூரிப் பிள்ளைகள் சிலர் குடியிருப்புக்கு வந்து, இலவசமாக நீச்சல் கற்றுத் தருகிறோம் என்றபோது முதல் ஆளாகக் கை தூக்கியவள் அவள்தான். கழுத்தில் விசில் தொங்க ஒரு பெண் தலைமை தாங்கினாள். போட்டிகளில் நீந்திப் பதக்கம் வாங்கியவளாம். அண்ணாந்து பார்த்தால்தான் முகம் தெரிகிற உயரத்தில் ஒரு நெட்டையன் கூட வந்திருந்தான். பெரிய கிளப் ஒன்றின் நீச்சல் குளத்தை ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கெஞ்சி வாங்கியிருந்தார்கள்.

"ஆனா ஒரு விதி இருக்கு" என்றாள் விசில் பெண். "பிள்ளைங்களைத் தனியா அனுப்பக் கூடாது. வீட்டுல இருந்து பெரியவங்க ஒருத்தர் தண்ணில இறங்கணும்."

"நாங்க எதுக்குமா? பொண்ணு கத்துக்கிட்டா போதாதா?" என்று கேட்டாள் சீச்சீ அக்கா.

"பிள்ளை முங்கினா முதல்ல குதிக்கிறது நீங்கதானேக்கா. நீங்களும் சேர்ந்து முங்கிட்டா?"

ஆனால் விதி அதோடு நிற்கவில்லை. இரண்டு குடும்பங்களை ஒரு ஜோடியாகச் சேர்ப்பார்களாம். ஒருவர் மல்லாந்து மிதக்கும்போது ஜோடிக்காரர் அவர் தலையைக் கீழே இருந்து தாங்க வேண்டும். வீட்டாள் பிடித்தால் பயந்து இறுக்கிவிடுவார்களாம். அடுத்த வீட்டாள் பிடித்தால்தான் உடம்பு அடங்குமாம். சீச்சீ அக்காவுக்கு ஜோடியாக வந்து சேர்ந்தது யாரென்று சொல்லவும் வேண்டுமா? கீழ்வீட்டுக்காரிதான்.

முதல் ஞாயிறு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உடை மாற்றும் அறைத் தரையில் யாரோ உரித்துப் போட்ட பிளாஸ்திரி ஒட்டிக் கிடந்தது. நீர் போகும் துளையில் பல தலைகளின் முடி ஒன்றாகத் திரண்டிருந்தது. குளத்தைப் பார்த்தாள். நீலமாக, சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவளை ஏமாற்ற முடியுமா? இத்தனை பேரின் அக்குள், இத்தனை பேரின் மூக்கு, இத்தனை பேரின் கால் இடுக்கு எல்லாம் ஊறிய தண்ணீர் அது. நீலமாக இருந்தால் ஆயிற்றா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும் உடம்பு முழுக்கக் கூசியது.

"படுங்கக்கா. தலையை அவங்க கையில விடுங்க" என்றாள் விசில் பெண்.

கீழ்வீட்டுக்காரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நகக்கண்ணில் இன்னும் கோழியின் இறகுத் துணுக்கு இருந்தது. "என்னம்மா யோசிக்கிற? சோப்புப் போட்டுத்தான் வந்திருக்கேன், படு."

"இன்னைக்குத் துப்பினீங்களாக்கா?"

"துப்பாம? அது பாட்டுக்குத் துப்புவேன். இங்க துப்ப மாட்டேன், போதுமா?"

தண்ணீருக்கு வெளியே மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சீச்சீ அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் கைகளில் தலையை வைத்தாள். வைத்த வேகத்தில் எழுந்து, மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, விழுங்கி, விழுங்கியது என்ன என்று நினைத்துப் பார்த்து, ஓரத்துக்கு ஓடிக் குமட்டினாள். அன்றைக்கு வீட்டில் அவள் குளித்த குளியலில் ஒரு புதுச் சோப்பு பாதியாகத் தேய்ந்தது.

ஆனாலும் அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். ஒரு நாள் காது இரண்டும் தண்ணீருக்குள் போயின. விசில் சத்தம், பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டன. எந்த வாடையும் இல்லை. மேலே கூரை மட்டும் தெரிந்தது. உடம்பு எதையும் தொடாமல் கிடந்தது. எதையும் தொடாமல் இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. கண்ணைத் திருப்பிப் பார்த்தபோது கீழ்வீட்டுக்காரி கையை எடுத்துவிட்டு எட்டத்தில் நின்று பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிறு முதல் சீச்சீ அக்கா வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மகளோ மீன்குஞ்சாகிவிட்டாள். மார்பளவு தண்ணீரில் குறுக்கே நீந்தினாள். இனி ஆழத்தில் நீந்தப் பழகுவதுதான் பாக்கி. ஆறு மார்பளவில் நிற்காது அல்லவா?

அந்தச் சனியன் பிடித்த ஞாயிறு வந்தது. இவர்களுக்கு முன்னால் கிளப் உறுப்பினர்களின் கைக்குழந்தைகளுக்கு வகுப்பு நடக்கும். வாத்து வடிவில் காற்றடைத்த மிதவைகளோடு அந்தத் தாய்மார்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். விசில் ஒலித்தது. முந்திரிக்கொட்டைப் பையன்கள் சிலர் தொப்பென்று குதித்தார்கள். சீச்சீ அக்கா மட்டும் வழக்கம்போல இறங்கும் முன் தண்ணீரை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கண்ணால் அலசினாள். ஏணியின் பக்கத்தில், பையன்கள் குதித்த இடத்துக்கு நேர் எதிர் மூலையில், அது மிதந்துகொண்டிருந்தது. சின்னதுதான். அது என்ன என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தொழில் அல்லவா?

"ஐயோ, அங்க பாருங்க! எல்லாரும் வெளிய வாங்க! யாரோ வெளிக்கு இருந்து வச்சிருக்காங்க!"

கூரை இடிகிற மாதிரி கத்தினாள். வாசல் வரை போயிருந்த உறுப்பினர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் ஓடி வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, மூக்கின் மேல் கைக்குட்டை. அவர் வாயைத் திறக்கக்கூட இல்லை. இன்னாரென்று யாரையும் சொல்லவும் இல்லை. அதற்குள் விசில் பெண் முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க சார். ரொம்ப ரொம்ப மன்னிச்சிடுங்க. இனிமே நடக்காது. நாங்க இவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறோம்."

நல்ல பிள்ளைகள்தான். யார் எதற்கு முகம் சுளித்தாலும் உடனே மன்னிப்புக் கேட்டு ஆளைக் குளிர வைத்துப் பழகியவர்கள். அப்படித்தான் அந்தக் குளத்தையே வாங்கியிருந்தார்கள். ஆனால் கேட்ட அந்த நிமிஷத்தில் அது இவர்கள் தலையில் விழுந்துவிட்டது. அதைப் போட்ட குழந்தையைப் பெற்றவள் யாரோ, மிதவையை இடுக்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டாள்.

"எங்க பிள்ளைங்க இப்பதாம்மா குதிச்சாங்க. அதுவும் இந்தப் பக்கம். அது அந்தப் பக்கம் கிடக்குது, உனக்குத் தெரியலையா?" என்று சீச்சீ அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"தெரியுதுக்கா. விடுங்கக்கா. இப்ப அதைப் பேசினா கோபப்படுவாங்க" என்று அந்தப் பெண் கிசுகிசுத்தாள்.

தெரிந்தே சொன்னாளா, தெரியாமல் சமாளித்தாளா என்று சீச்சீ அக்காவுக்குப் பிடிபடவில்லை. கத்தித் தொலைத்த தன் வாயை நினைத்து அவளுக்கே எரிந்தது. பேசாமல் இருந்திருந்தால் வலைக்கரண்டியால் அள்ளிப் போட்டிருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு குளத்தில் இறங்க விடவில்லை. எல்லோரையும் உடை மாற்றும் அறையில் பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். விசில் பெண்ணும் நெட்டையனும் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் கழிப்பறை, சோப்பு, குழாய், சிரிக்கிற ஒரு கை எல்லாம் வண்ணவண்ணமாக வரைந்திருந்தது. ராத்திரி கண் விழித்து வரைந்திருப்பார்கள், பாவம்.

"முதல்ல கையை நனைக்கணும்" என்றான் நெட்டையன், பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற குரலில். "அப்புறம் சோப்பு. விரல் இடுக்குல எல்லாம் போகணும். எங்க, எல்லாரும் செஞ்சு காட்டுங்க!"

பெரியவர்கள் காற்றில் கையைக் கழுவினார்கள். காவலாளி ஒருவர், கட்டட வேலைக்காரர்கள், கோழி உரிக்கிறவள், எல்லோரும். தினமும் வேலை முடிந்ததும் முழங்கை வரை தோல் உரியத் தேய்க்கிறவள் சீச்சீ அக்கா. அவளும் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து காற்றில் விரல் இடுக்கைத் தேய்த்தாள். ஆஸ்பத்திரியில் எந்த மூட்டையைப் பிரித்தபோதும் வராத குமட்டல் அப்போது வந்தது. "சூப்பர்!" என்று விசில் பெண் கை தட்டினாள்.

கை தட்டி முடிவதற்குள் மேலாளர் உள்ளே வந்தார். வாசலைத் தாண்டவில்லை.

"நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கு. அந்த அசம்பாவிதம் யாரால நடந்ததுன்னு தெரியணும். அந்தக் குடும்பம் விலகிக்கட்டும், மத்தவங்க தொடரலாம். யாருன்னு சொல்லலைன்னா எல்லாத்தையும் இன்னையோட நிறுத்திக்கலாம்."

நாகரிகமானவர். அந்த வார்த்தை வாயில் படாமல் அசம்பாவிதம் என்றார். விசில் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. "யாராவது ஒருத்தர் சொல்லிட்டா போதும். நாங்க திட்ட மாட்டோம். சின்னப் பிள்ளைதானே, தப்பில்ல." அவள் பார்வை தாய்மார்களை விட்டுப் பிள்ளைகள் மேல் போயிற்று. கடைசியில், கூட்டத்திலேயே சிறியவனான கீழ்வீட்டுக்காரியின் இளையவன் மேல் நின்றது. மற்றவர்களும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் உதடு நெளிய ஆரம்பித்தது.

"என் பிள்ளையை எதுக்கு எல்லாரும் பாக்கறீங்க?" என்று கீழ்வீட்டுக்காரி எழுந்தாள்.

சீச்சீ அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டது இரண்டே நொடிதான். யாரும் சொல்லாவிட்டால் குளம் போயிற்று; மகளுக்கு ஆழம் இன்னும் வரவில்லை; நாளைக்குப் படகு உண்டு. அந்தப் பையன் என்று ஆகிவிட்டால், ஆயுசுக்கும் அவனைப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பெரியவள் ஒருத்தி செய்தது என்றால் தண்டனை அவளோடு போய்விடும், பிள்ளைகளைத் தொடாது. யாரும் எதிர்பார்க்காமல் அவள் எழுந்து நின்றாள்.

"அது பிள்ளைங்களுது இல்ல சார். என்னுது."

நெட்டையனின் கையிலிருந்த அட்டை தாழ்ந்தது. மேலாளர் ஒரு கால் பின்னால் வைத்தார்.

"உங்களோடதா?"

"ஆமா சார். என்னுதுதான்."

அவர் அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். அந்தப் பார்வை சீச்சீ அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மூட்டைக்குள்ளிருந்து கையுறை போட்ட விரலால் ஒரு துணியைத் தூக்கும்போது அவளே அப்படித்தான் பார்ப்பாள். "இந்த வயசுல..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் கைக்குட்டையைத் தேடினார். பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். காது இரண்டும் சிவந்து போயின.

"அப்ப நீங்களும் உங்க பொண்ணும் வர வேண்டாம்."

"பொண்ணு என்ன சார் பண்ணினா? நான் இனிமே தண்ணில கால் வைக்க மாட்டேன். அவ வரட்டும்."

"அது, விதிப்படி வீட்டுப் பெரியவங்க ஒருத்தர்..." என்று விசில் பெண் இழுத்தாள். தான் வைத்த விதியை அவள் அந்த நேரத்தில்கூட மறக்கவில்லை.

"நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லு மாதிரி நிக்கறேன், கண்ணு தெரியலையா?" என்றாள் கீழ்வீட்டுக்காரி. "ஜோடி போட்டது நீதானே? அவ பொண்ணு என் பொண்ணு. நான் பிடிச்சுக்கறேன். என்ன சார், நான் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன், சந்தேகம் இருந்தா சொல்லுங்க."

மேலாளருக்கு இந்தப் பேச்சை மேலும் கேட்கத் தெம்பில்லை. சரி சரி என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வீடு வந்து சேர்ந்து, மகள் கதவைச் சாத்தியதும் வெடித்தாள். "எல்லாரும் என்னைப் பாத்து மூக்கைப் பிடிப்பாங்கம்மா. நீ எதுக்கு அப்படிச் சொன்ன? நீ வீட்டுக் கக்கூஸையே மூணு தடவை கழுவிட்டுத்தான் போவ!"

"ஆழத்துல நீந்தக் கத்துக்கோ. அப்புறம் பேசலாம்" என்றாள் அம்மா. அவளுக்கும் அழுகை முட்டியது. அழுதால் மூக்கு ஒழுகும் என்று அடக்கிக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் குளத்துக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், செருப்பு விடுகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கூட வந்தவர்கள் கடந்து போகும்போது இவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். உள்ளே கீழ்வீட்டுக்காரியின் பெரிய கைகளுக்குள் மகளின் தலை இருந்தது. அவள் என்னவோ சொல்ல, மகள் சிரித்தாள். சீச்சீ அக்காவுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கைகளில் மிதக்க வேண்டியவள் தான் என்று தோன்றியது. காது இரண்டும் தண்ணீருக்குள் போகும் அந்த அமைதி இனி இந்த ஜென்மத்தில் தனக்கு இல்லை.

வகுப்பு நடுவில் விசில் பெண் ஈரக்காலோடு வெளியே வந்தாள். நாற்காலிக்கு அருகே வந்து, எட்டத்திலேயே நின்றாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளும்மா."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் சீச்சீ அக்கா. அதை எப்படி ஏற்பது என்று முகத்தைக்கூடத் தயார் செய்துகொண்டாள்.

"அது..." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அது நெஜமாவே உங்களுதுதானாக்கா?"

சீச்சீ அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. சந்தேகம்கூட அதிகம் இல்லை. பரிதாபம்தான் நிறைய இருந்தது. படித்த பெண், பதக்கம் வாங்கிய பெண், இத்தனை வாரம் கூடவே நின்றவள். இவள் குமட்டியதைப் பார்த்தவள், இறங்கும் முன் தண்ணீரை அலசியதைப் பார்த்தவள். அவளுக்கே அப்படி இருக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. நாம் எவ்வளவுதான் கழுவினாலும் இவர்களுக்கு நாம் இப்படித்தான் என்று நினைத்தபோது அடிவயிற்றிலிருந்து வாய் வரை கசந்து வந்தது. உண்மையைச் சொல்லி, அவள் அட்டையையும் சிரிக்கிற கையையும் சேர்த்துக் கிழித்தெறிந்துவிட்டுப் போகலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் இன்னும் தண்ணீரில் இருந்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "அன்னைக்கு வயிறு சரியில்ல."

அந்தப் பெண்ணின் முகம் நிம்மதியில் மலர்ந்தது. "பரவாயில்லக்கா. யாருக்கு வேணும்னாலும் நடக்கும். நீங்க வெக்கப்படவே கூடாது" என்று குனிந்து அவள் தோளை ஆதரவாக ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, தானறியாமலே, இடுப்புப் பையிலிருந்து கை சுத்தம் செய்யும் திரவத்தின் சின்ன புட்டியை எடுத்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, விரல் இடுக்கெல்லாம் போகும்படி தேய்த்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

சீச்சீ அக்கா அந்தக் கைகளைப் பார்த்தபடியே கூப்பிட்டாள்.

"இந்தாம்மா, அடுத்த வாரம் அவளை ஆழத்துல விடுவீங்கல்ல?"